ஹிப்னாடிசத்தால் உடல் எடை குறையுமா?

ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற 60 பேரும் உடல் பருமன் உள்ளவர்கள். உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்காக, இரவு முழுவதும் மூக்கில் காற்றுக் கருவியை மாட்டிக்கொண்டு படுப்பவர்கள். எடை குறைந்தால் மூச்சடைப்பும் குறையும் என்பதால், அவர்கள் இளைக்க விரும்பியதற்கு அழகைத் தாண்டிய காரணம் இருந்தது. அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு உணவு ஆலோசனை மட்டும். இரண்டாவது குழுவுக்கு ஹிப்னாடிசமும் கொடுத்து, குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பதை மனத்தில் பதியவைத்தார்கள். மூன்றாவது குழுவுக்கும் ஹிப்னாடிசம்தான். ஆனால் அதன் குறி சாப்பாடு அல்ல, மன அழுத்தம்.

மூன்று மாதத்தில் மூன்று குழுக்களுமே உடல் எடையில் இரண்டு, மூன்று சதவீதம் இளைத்திருந்தன. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, தொடக்க எடையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது மூன்றாவது குழு மட்டும்தான். சராசரியாக 3.8 கிலோ. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிப் பதியவைத்த குழுவுக்கும் வெறும் ஆலோசனை பெற்ற குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இத்துறையில் வந்த மற்ற ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, அவையும் ஏறத்தாழ இதையே சொல்வதாக எனக்குப் படுகிறது. ஹிப்னாடிசத்தை மட்டும் நம்பினால் எடை குறையாது. முறையான உணவு சிகிச்சையோடும் பழக்கமாற்றப் பயிற்சியோடும் சேர்த்தால் சிலருக்குச் சில கிலோ கூடுதலாகக் குறைகிறது. அதுவும், பசி இல்லாதபோதும் சாப்பிட வைக்கும் பதற்றத்தையும் சலிப்பையும் அது தணிக்கும்போதுதான்.

விளம்பரங்கள் சொல்வது வேறு. மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடலாம், ஆழ்மனத்தை மாற்றிவிட்டால் எடை தானாகக் கரையும் என்கின்றன. இத்தனை அமர்வுகளில் இத்தனை கிலோ என்று பொருட்காட்சிக் கடையில் விலை எழுதியதுபோல் எழுதியிருக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். இந்தப் பேச்சைக் கேட்கக் காத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் பலர் ஏற்கெனவே பலவற்றை முயன்று களைத்தவர்கள். அந்தக் களைப்பை வைத்துச் செய்யும் வியாபாரம் என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு கோபம்.

முதலில் ஹிப்னாடிசத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அது வெறும் மேடை வித்தை அல்ல. 1784-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, ஹிப்னாடிசத்துக்கு முன்னோடியான, மெஸ்மர் என்ற மருத்துவரின் 'காந்த சிகிச்சை' உண்மையா என்று பார்க்க ஒரு குழுவை அமைத்தார். விஞ்ஞானிகள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியரும் அதில் இருந்தார்கள். காந்தம் ஏற்றாத மரத்தடியிலேயே, ஏற்றியதாக நம்பிய ஒரு சிறுவன் மயங்கி விழுந்ததைக் கண்டு, காந்தம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று முடிவு செய்தார்கள். அந்தக் கற்பனைக்கு எப்படி இவ்வளவு வலிமை வந்தது என்ற கேள்வியை, கோவாவின் கண்டோலிமில் பிறந்த பாதிரியார் அபே ஃபரியா கையில் எடுத்தார். சிகிச்சை தருபவரின் கையில் சக்தி எதுவும் இல்லை, பெறுபவரின் மனத்தில்தான் இருக்கிறது என்று அவர் 1813 முதல் பாரிஸில் விளக்கி வந்தார். 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இந்த முறையில் வலி தெரியாமல் பெரிய கட்டிகளையே அறுத்து அகற்றினார். இரண்டே ஆண்டில் குளோரோஃபார்ம் வந்து அதன் தேவையைப் போக்கிவிட்டது.

நம் காலத்திலும் சான்று உண்டு. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984-இல் நடத்திய சோதனையில், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத எரிச்சல் குடல் நோய் ஹிப்னாடிசத்தில் தணிந்தது. இன்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே, மருந்தால் குணமாகாத அந்த நோயாளிகளுக்கு இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. வலி, குடல் இறுக்கம், பதற்றம் ஆகியவற்றில் நரம்பு மண்டலத்தின் பங்கு பெரிது. அதனால் மனத்தை அமைதிப்படுத்துவது நேராகப் பலன் தருகிறது.

எடையின் கதை அவ்வளவு நேரானதல்ல. அதை விளக்க 1995-96-இல் அமெரிக்க உளவியல் ஆய்விதழ் ஒன்றில் நடந்த வாக்குவாதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று இணையத்தில் உலவும் பெரிய எண்கள் பலவற்றுக்கும் ஊற்றுக்கண் அதுதான்.

இர்விங் கிர்ஷ் தலைமையிலான உளவியலாளர்கள் 1995-இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தைச் சேர்த்த 18 ஆய்வுகள் அதில் அடங்கும். ஹிப்னாடிசம் சேர்த்துக்கொண்ட சராசரி நபர், அது இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரைவிட நன்றாகத் தேறினார் என்பது முடிவு. எடைக் குறைப்பில் இந்தப் பலன் குறிப்பாகப் பெரிதாகத் தெரிந்தது. சிகிச்சை முடிந்த பிறகும் எடை தொடர்ந்து குறைந்ததாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே டேவிட் ஆலிசனும் மைல்ஸ் ஃபெய்த்தும் அதே ஆய்வுகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எண்களைப் பெயர்த்து எழுதியதிலும் கணக்கிட்டதிலும் தவறுகள் இருந்தன. அவற்றைத் திருத்தி, சந்தேகத்துக்குரிய ஓர் ஆய்வையும் விலக்கியபோது பலன் மிகச் சிறியதாகச் சுருங்கிப்போனது. கிர்ஷ் விடவில்லை. கூடுதல் தரவுகளைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டார். ஹிப்னாடிசம் இல்லாதவர்கள் சராசரியாக 2.7 கிலோவும் அதைப் பெற்றவர்கள் 5.4 கிலோவும் இளைத்தார்கள் என்றார். கடைசியாக எடை பார்த்தபோது அது 2.7-க்கு 6.8 என்று ஆகியிருந்தது.

"எடை குறைவது இரட்டிப்பாகும்" என்ற விளம்பர வாசகம் பிறந்தது இங்கேதான். இரட்டிப்பு என்பது உண்மைதான், ஆனால் எதன் இரட்டிப்பு என்று யாரும் சொல்வதில்லை. 2.7 கிலோவின் இரட்டிப்பு! அதற்கு அடிப்படையான ஆய்வுகள் எண்ணிக்கையில் சிலவே. அவற்றில் பங்கேற்றவர்களும் அதிகமில்லை. ஹிப்னாடிசத்துக்குச் சார்பாகக் கணக்கிட்டவரின் கடைசிக் கணக்கிலேயே பலன் சில கிலோதான் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பின்னர் வந்த இரண்டு ஐரோப்பியச் சோதனைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. இத்தாலியின் டூரின் நகரில் கடுமையான உடல் பருமன் உள்ள 120 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி, பழக்கமாற்ற ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் தன்னைத்தானே அறிதுயிலில், அதாவது ஹிப்னாடிச நிலையில், ஆழ்த்திக்கொள்ளும் சுய ஹிப்னாடிசத்தை மூன்று அமர்வுகளில் கற்றுக்கொடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி ஓராண்டில் ஹிப்னாடிசக் குழு 6.5 கிலோவும் மற்றது 5.6 கிலோவும் குறைந்தன. புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே இல்லை. ஆனால் ஹிப்னாடிசக் குழுவில் உண்டபின் வயிறு நிறைந்த உணர்வு கூடியிருந்தது, வாழ்க்கைத்தரம் உயர்ந்திருந்தது, உடலின் உள்ளழற்சியைக் காட்டும் இரத்த அளவீடும் இறங்கியிருந்தது. தினந்தோறும் விடாமல் பயிற்சி செய்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 9.6 கிலோ குறைந்திருந்தது. இந்தக் கடைசி எண்ணைக் காட்டி மகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. தினமும் தவறாமல் ஒரு பயிற்சியைச் செய்யக்கூடியவர் நடைப்பயிற்சியையும் தவறவிடாதவராக இருப்பார். எடை குறைந்தது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாரிஸில் நடந்த ஹிப்னோடயட் சோதனை 2022-இல் வெளியானது. அதை நடத்தியவர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் அதன் சிறப்பு. உணவைக் கண்டதும், மணம் பட்டதும், மனம் வாடியதும் பசி இல்லாமலே சாப்பிட்டுவிடும் போக்கு மிகுந்தவர்களாகப் பார்த்து 82 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் உணவுக் கல்வி அளித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஹிப்னாடிசத்தையும் சேர்த்தார்கள். எட்டு மாதம் கழித்து அந்தப் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்தக் கட்டுப்பாடற்ற போக்கு இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. மற்றவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான். இது பெரிய வேறுபாடு. எடையிலோ இரண்டு கிலோவுக்கும் குறைவான வேறுபாடே வந்தது.

டூரினிலும் பாரிஸிலும் முதலில் மாறியது சாப்பாட்டைப் பற்றிய உணர்வும் நடத்தையும்தான். எடைத் தராசில் அதன் எதிரொலி மெலிதாகவே கேட்டது.

அப்படியானால் அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? இரவு பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு வீடு திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோசை சாப்பிட்டாயிற்று, வயிறு நிறைந்தாயிற்று. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மிக்சர் டப்பா. அன்றைய கடன் பாக்கியும் நாளைய சரக்கும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கை டப்பாவுக்குப் போகிறது. எப்போது பாதி காலியானது என்று அவருக்கே தெரிவதில்லை. நல்ல சிகிச்சையாளர் முதல் அமர்வில் கண்ணை மூடச் சொல்வதில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு பேசிய பிறகு, என்ன நினைப்பில் கை போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். அறிதுயிலில் ஆழ்த்திய பிறகு பேசுவதும் அதையொட்டித்தான்: "நாற்காலியில் சாய்ந்திருக்கிறீர்கள். டப்பா தெரிகிறது. தோளில் ஒரு இறுக்கம் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அந்த இறுக்கம் பசி இல்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது." டப்பாவைத் திறக்காமல் எழுந்து போய்ப் படுப்பதை அவர் மனக்கண்ணில் ஒத்திகை பார்க்கிறார். வீட்டில் தானே அதைச் செய்யவும் கற்றுக்கொள்கிறார்.

அவர் தூங்கவில்லை. நினைவு தவறவில்லை. சொன்னதெல்லாம் கேட்கிறது, பிடிக்காததைச் சொன்னால் கண்ணைத் திறந்துவிடலாம். கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சொல்லப்படுவதை மனம் எளிதாக ஏற்கும் நிலை, அவ்வளவுதான். பாகற்காய் இனிக்கும், லட்டு குமட்டும் என்று பதியவைப்பதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழி எனக்கு ஏற்புடையதாக இல்லை. உணவின் மேல் வெறுப்பை வளர்ப்பது, ஏற்கெனவே சாப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்குச் செய்யும் கெடுதல்.

இதே சிகிச்சை எல்லோருக்கும் ஒரே அளவில் பிடிபடுவதும் இல்லை. ஹிப்னாடிசத்துக்கு ஆட்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் வைட்சென்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959-இல் அதை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். சிலர் மிக எளிதாக ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு அநேகமாக ஒன்றுமே நடக்காது, பெரும்பாலோர் இடையில் இருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் இளம் வயதில் சோதித்தவர்களை 25 ஆண்டு கழித்து மீண்டும் சோதித்தபோதும் அந்தத் தன்மை பெரும்பாலும் மாறாமல் இருந்தது. அது மன உறுதியின் அடையாளமும் அல்ல, பலவீனத்தின் அடையாளமும் அல்ல. எந்த நிலையத்துக்குப் போனாலும் எல்லோரிடமும் இது வேலை செய்யும் என்று உறுதி கொடுத்தால், அந்த உறுதி பொய்.

எடை ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. மெல்போர்னில் 50 பேரை எடை குறைக்க வைத்து ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது, பசியைத் தணிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது; ஓராண்டு கழிந்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து கெவின் ஹால் குழுவினர் சோதித்தார்கள். அவர்களுடைய உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. இழந்த கொழுப்பை மீட்க உடல் இரவு பகலாகப் போராடும்போது, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் கேட்கும் குரலால் அதை முழுக்க வென்றுவிட முடியாது.

மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆலியா கிரம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே 380 கலோரி மில்க்‌ஷேக்கை ஒருமுறை '620 கலோரி, சொகுசானது' என்றும் இன்னொருமுறை '140 கலோரி, அளவானது' என்றும் லேபிள் ஒட்டிக் கொடுத்தார்கள். பெரியது என்று நம்பிக் குடித்தபோது கிரெலின் செங்குத்தாக இறங்கியது. எதிர்பார்ப்பு பசி ஹார்மோனைத் தொடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அது ஒரு கோப்பைக்கு, ஒரு மணி நேரத்துக்குள் கண்ட மாற்றம். அதை வைத்து ஆண்டுக்கணக்கில் எடை குறையும் என்று சொல்ல முடியாது.

கற்பனை இரைப்பை வளையம் என்று ஒன்றும் விற்கப்படுகிறது. அறுவை அரங்கின் ஒலிகளையும் கிருமிநாசினி வாசனையையும் வரவழைத்து, உங்கள் இரைப்பையில் வளையம் பொருத்திவிட்டோம், இனி அது ஒரு கைப்பிடிதான் கொள்ளும் என்று பதியவைக்கிறார்கள். உண்மையான வளையம் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இறுக்கி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்த உணர்வை உண்டாக்கும். அந்த வளையத்தையே இன்று பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் கைவிட்டு, இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கும் முறைக்கு மாறிவிட்டார்கள். மருத்துவம் கைவிட்ட ஒன்றின் கற்பனைப் பிரதிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்ணும் தேவை. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியைப் பற்றி 2021-இல் வெளியான சோதனையில், 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். அந்த ஊசிக்கு விலையும் பக்கவிளைவும் உண்டு, நிறுத்தினால் எடை பெருமளவு திரும்பிவிடும். எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனாலும் 100 கிலோ எடையும் முற்றிய சர்க்கரை நோயும் உள்ள ஒருவர், மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஆறு மாதத்தை அறிதுயில் நிலையத்தில் கழித்துவிடக் கூடாது.

என் கோபத்துக்குப் பெரிய காரணம் பணம்கூட அல்ல. எடை குறையாதபோது சொல்லப்படும் பதில்தான்: "உங்கள் ஆழ்மனம் இன்னும் தயாராகவில்லை." தோல்வி சிகிச்சையுடையது அல்ல, உங்களுடையது என்று ஆகிவிடுகிறது. ஏற்கெனவே வீட்டிலும் கல்யாண வீட்டிலும் உடம்பைப் பற்றிக் கேட்டுக் கூசிப்போனவரின் மேல் இன்னொரு குற்றச்சாட்டு ஏறுகிறது. கிரெலினும் லெப்டினும் செய்வதற்கு அவருடைய ஆழ்மனத்தைக் குறை சொல்வது அநியாயம்.

எடைதான் ஒரே அளவுகோல் என்பதும் தவறு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்டவர்களுக்கு எடை குறையவே இல்லை. ஆனால் மூன்று ஆண்டில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. தராசைப் பார்த்து மனம் வெறுத்து அவர்கள் பாதியில் விட்டிருந்தால் அந்தப் பலன் கிடைத்திருக்காது. ஹிப்னாடிசம் ஒருவரை இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளவும், நிம்மதியாகத் தூங்கவும், நடைப்பயிற்சியை விடாமல் தொடரவும் உதவினால், இரண்டு கிலோதான் குறைந்தது என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை.

ஆகவே மன அழுத்தத்தில் சாப்பிடுபவர், உணவியல் நிபுணரின் ஆலோசனையில் ஏற்கெனவே இருப்பவர், கையில் கொஞ்சம் பணமும் பொறுமையும் உள்ளவர் முயன்று பார்க்கலாம். யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் ஹிப்னாடிச சிகிச்சையை, தகுந்த பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்யத்தக்க ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. மனநல மருத்துவராகவோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளராகவோ இருந்து இதைக் கற்றவரிடம் போவது நல்லது. வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரிடம் வேண்டாம். இத்தனை கிலோ குறையும் என்று உறுதி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

இல்லாத குரல்கள் கேட்பதும் மனப்பிரமையும் உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசம் ஏற்றதல்ல. அடக்க முடியாமல் பெருமளவு தின்றுவிட்டு வாந்தியெடுப்பவர்களும் பட்டினி கிடப்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், அமர்வு தொடங்கும் முன்பே தங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை பலித்து இரவுச் சாப்பாடு பாதியாகி, மருந்து மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.